ரெண்டு லைன் போதாது

செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தக் கம்பெனியில் நெட் போனாலும் முதல் திட்டு ஜேசிபிக்குத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. சாலையை அகலப்படுத்துகிறேன், குழாய் பதிக்கிறேன் என்று தோண்டுகிறவர்கள் ஃபைபரையும் சேர்த்து வாரிப் போடுவது இங்கே வாடிக்கை. அதனால்தான் என்னைப் போல் கம்பெனி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கி வைக்கிறோம். "ரெண்டு லைன் இருக்குல்ல?" என்று முதலாளியும் நிம்மதியாகிவிடுகிறார்.

ஃபைபர் அறாமலேயே நெட் போகும் என்று அவருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. மோடத்தில் பச்சை விளக்கு எரியும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் குறையே இருக்காது. ஆனால் பெரிய கார் கம்பெனியின் சப்ளையர் போர்ட்டலோ இ-இன்வாய்ஸ் தளமோ மட்டும் திறக்காது. தரவு போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தால் நாலைந்து படி போய், அதற்கப்புறம் வெறும் நட்சத்திரக் குறிகள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." கேட்டில் லோடு ஏற்றிய வண்டி நிற்கும். ரூ.5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதற்கான எண் அந்தத் தளத்திலிருந்து வராமல் பில் இல்லை, பில் இல்லாமல் செக்யூரிட்டி கேட்டைத் திறக்க மாட்டார். டிஸ்பாட்ச் பையன் தன் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பார்ப்பான். அதுவும் அதே நிறுவனத்தின் சிம் என்றால் அங்கேயும் அதே கதைதான். ரெண்டாவது லைனும் அதே நெட்வொர்க் வழியாக வெளியே போனால் அதற்கும் அதே கதிதான்.

இதற்கு ஒரு காரணம் ரூட்டிங். இணையம் என்பது 70,000-க்கும் மேற்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது. "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வாருங்கள்" என்று ஒவ்வொன்றும் அறிவிக்கும், மற்றவை கேட்டு அதன்படி தரவை அனுப்பும். பிஜிபி என்ற இந்த ஏற்பாட்டை 1989-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில், மதியச் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் காகிதங்களில் வரைந்தவர்கள் கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள். அன்றைக்கு எல்லோரும் தெரிந்த முகங்கள், சொன்னதை நம்பினார்கள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர் கூவுவதை நம்பி ஏறுவது மாதிரிதான். "ஸ்ரீபெரும்புதூர்" என்று ஒருவர் கூவ, "இருங்காட்டுக்கோட்டை கேட்" என்று இன்னொருவர் கூவினால், கேட்டுக்குப் போகிறவர் இரண்டாவது வண்டியில்தான் ஏறுவார். பிஜிபியும் குறிப்பாகச் சொல்கிறவரையே நம்பும், பொய்யே சொன்னாலும். 2008 பிப்ரவரியில் யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம் இப்படிக் குறிப்பான ஓர் அறிவிப்பை வெளியே கசியவிட்டது. உலகத்தின் பெரும்பகுதிக்கு இரண்டு மணி நேரம் யூடியூப் இல்லை.

நம் ஊர்க் கணக்கும் சின்னதில்லை. 2015 மார்ச் 12-ல் ஹாத்வே என்ற இணைய நிறுவனம் கசியவிட்ட 300-க்கும் மேற்பட்ட கூகுள் வழிகளை ஏர்டெல் வாங்கி வெளியே பரப்ப, கூகுள் சேவைகள் சிறிது நேரம் தடுமாறின. அதே ஆண்டு நவம்பர் 6-ல் ஏர்டெல், தனக்குச் சொந்தமில்லாத 16,123 முகவரித் தொகுப்புகளைத் தன்னுடையவை என்று ஏறக்குறைய 9 மணி நேரம் அறிவித்துக்கொண்டிருந்தது. 2021 ஏப்ரல் 16 மாலை வோடஃபோன் ஐடியா நெட்வொர்க் ஒன்று 30,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகளுக்கு உரிமை கொண்டாடியது. இவற்றில் எதுவும் சதியாகத் தெரியவில்லை. கான்ஃபிகரேஷனில் நேர்ந்த பிழைகள். எனக்குப் பயம் அதனால்தான் கூடுகிறது. பிழையே இவ்வளவு தூரம் போகுமென்றால், வேண்டுமென்றே செய்கிறவனுக்கு என்ன தடை?

தடை இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் உழைத்து உருவாக்கியது: ஆர்பிகேஐ. முகவரிக்கு உரியவர், "இதை அறிவிக்க இந்த நெட்வொர்க்குக்குத்தான் உரிமை" என்று டிஜிட்டல் கையெழுத்திட்டுப் பதிவு செய்கிறார். நம் நாட்டில் இணைய முகவரிப் பதிவகமான ஐஆர்ஐஎன்என் மூலம் அதைச் செய்யலாம். உலக வழிகளில் பாதிக்கு மேல் 2024-ல் இப்படிப் பதிவாகிவிட்டன. ஆனால் பதிவு பாதி வேலைதான். கேட்கிற நெட்வொர்க் அதைச் சரிபார்த்து, பொருந்தாததைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் கையெழுத்து இருந்தும் பயனில்லை.

இதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. ஹாத்வே விஷயத்தில் முகவரிக்காரர் கூகுள்தான், வழிதான் தப்பு; அதை இந்தச் சோதனை பிடிக்காது. நடுவழியையும் சோதிக்கும் ஆஸ்பா என்ற முறை இப்போதுதான் உருவாகி வருகிறது. 2024 ஜனவரியில் ஆரஞ்ச் ஸ்பெயின் நிறுவனத்தின் பதிவுக் கணக்குக்குள் ஒருவன் புகுந்து கையெழுத்துகளையே மாற்றிவிட்டான். சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் உண்மையான வழிகளைத் தள்ளிவிட்டன, ஸ்பெயினில் சில மணி நேரம் அவர்கள் நெட் படுத்தது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு 'ரைப்அட்மின்'. நம் ஊர் வைஃபை பாஸ்வேர்டுகளே தேவலாம். அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று விட்டுவிட முடியுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கனஅடி திறந்த பிறகு இங்கே பல கம்பெனிகள் பேரிடர்த் திட்டம் எழுதின. சர்வர் மாடிக்கு ஏறியது, ஜெனரேட்டர் மேடை உயர்ந்தது. நான் பார்த்த எந்தத் திட்டத்திலும் ரூட்டிங் பற்றி ஒரு வரி இல்லை. எங்களைப் போன்ற சிறு யூனிட்டுகளுக்குச் சொந்த முகவரி கிடையாது; நெட் நிறுவனம் கொடுப்பதுதான். அவர்கள் கையெழுத்திட்டால் உண்டு, சரிபார்த்தால் உண்டு. நாமோ ஸ்பீடு எவ்வளவு, மாசம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சிப்காட் தன் தொழிற்பூங்காக்களுக்குள் ஃபைபர் போட வருகிறவர்களிடம் இந்தப் பதிவையும் சரிபார்ப்பையும் ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். அது வரும்வரை பர்ச்சேஸ் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லீஸ்டு லைன் புதுப்பிக்கும்போது மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். எங்களுக்குத் தரும் முகவரிகளுக்கு ஆர்பிகேஐ பதிவு இருக்கிறதா? வருகிற வழிகளைச் சரிபார்த்துப் பொருந்தாததைத் தள்ளுகிறீர்களா? ரெண்டாவது லைன் வேறு நெட்வொர்க் வழியாகத்தான் வெளியே போகிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.