ஆல்ஃபா வாங்கலாம், பெல்ட் மாற்றிய பில் இருந்தால்

இருபது வருடத்துக்கு முன் பிரிட்டனில் 20,000 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆல்ஃபா ரோமியோ ஜிடி கூபே இன்று 3,000 பவுண்டுக்கு விற்பனைக்கு வருகிறது. இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். அதன் டைமிங் பெல்ட், பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் பாகங்கள், அவற்றைக் கழற்றி மாட்டும் மெக்கானிக்கின் கூலி எதுவுமே இறங்கவில்லை. கையில் 3,000 பவுண்டு மட்டும் வைத்திருப்பவர் இதை வாங்கினால் அடுத்த வருடம் வரும் ஆயிரம் பவுண்டு வேலையைத் தள்ளிப்போடுகிறார். அதற்கடுத்த வருடமும் தள்ளிப்போடுகிறார். பிறகு கார் காயலான் கடைக்குப் போகிறது. "இத்தாலியக் கார் என்றாலே தொல்லை" என்று நம்மவர்களிடம் புழங்கும் பேச்சில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததுதான் என்பது என் உறுதியான கருத்து.

நான் பர்மிங்ஹாமில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருச்சி. 2005-இல் பதிவான 3.2 லிட்டர் வி6 ஜிடி ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். வெளியே கருநீலம், உள்ளே பழுப்புத் தோல் இருக்கை. கோயில் திருவிழாவிலோ பிறந்தநாள் விருந்திலோ யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இந்தப் பணத்துக்கு நல்ல டொயோட்டா வாங்கியிருக்கலாமே?" கேட்பதில் தவறில்லை. என் மனைவி ஓட்டுவது ஜப்பானிய ஹாட்ச்பேக்தான். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஆஸ்பத்திரி போகிறவருக்கு அதுதான் சரி. வீட்டில் ஒரே ஒரு கார், அதை நம்பித்தான் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் என்றால் இருபது வயதான கூபே வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். வீட்டில் இரண்டாவது காருக்கு இடமும் கொஞ்சம் கைப்பணமும் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அழகு. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2003 ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்த இந்தக் காரை வடிவமைத்தது டூரின் நகரத்து பெர்டோனே நிறுவனம். 1954-இன் ஜூலியெட்டா ஸ்பிரின்ட்டும் 1963-இன் ஜூலியா ஸ்பிரின்ட் ஜிடியும் அவர்கள் கையிலிருந்து வந்தவைதான். ஜிடியின் கூரை முன்கண்ணாடியிலிருந்து பின்பக்கம் வரை எங்கும் முறியாமல் ஒரே வளைவாக இறங்கும். பக்கவாட்டு ஜன்னல்கள் பின்னால் போகப் போகக் குறுகி ஒரு முனையில் முடியும். பின்சக்கரத்துக்கு மேலே தகடு தோள்போலப் புடைத்து நிற்கும். தேவையில்லாத ஒரு கோடு கிடையாது. இன்று சாலையில் போகும் புதுக் கார்களைப் பாருங்கள். ஒரு கதவில் நாலு மடிப்பு, கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள், முகம் முழுக்கக் கம்பி வலை. பெர்டோனே 2014-இல் திவாலானது. அந்த ஒர்க் ஷாப்பில் இனி ஒரு கூபே பிறக்காது. இருப்பவற்றைக் காப்பாற்றினால்தான் உண்டு.

கூபே என்றால் ஊருக்கு உதவாத வண்டி என்பது ஜிடிக்குப் பொருந்தாது. பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் டிக்கியில் 320 லிட்டர் இடம் இருக்கிறது. வாரத்துக்கான காய்கறியும் பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையும் தாராளமாகப் போகும். பின்னிருக்கையில் பெரியவர்கள் இருவர் உட்காரலாம். உட்காருவதற்குக் குனிந்து வளைந்து போக வேண்டும், அவ்வளவுதான். அம்மா ஊரிலிருந்து வந்தால் முன்னிருக்கை அவருக்கு. முட்டி வலி உள்ளவரைப் பின்னால் ஏற்ற முடியாது. கதவுகள் நீளம் என்பதால் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் கோடியிலுள்ள இடத்தைத் தேடி நிறுத்துவேன். வண்டியைத் திருப்ப அகலமான சாலை வேண்டும். பின்னால் பார்க்கும் ஜன்னல் சிறியது.

பானெட்டைத் திறந்தால் இருப்பது ஜுசெப்பே புஸ்ஸோவின் இன்ஜின். 1913-இல் டூரினில் பிறந்த பொறியாளர் அவர். இடையில் சிறிது காலம் ஃபெராரியில் வேலை செய்துவிட்டு ஆல்ஃபாவுக்கே திரும்பி வந்தவர். அவருடைய வி6 முதன்முதலில் 1979-இல் ஆல்ஃபா 6 காரில் 2.5 லிட்டராக வந்தது. கால் நூற்றாண்டு காலம் வளர்ந்து 3.2 லிட்டர் ஆனது. மிலான் அருகே அரேசே ஆலையில் 2005-இல் அதன் உற்பத்தி நின்றது. 2006 ஜனவரி 3 அன்று புஸ்ஸோ காலமானார். ஆறு பளபளப்பான காற்றுக் குழாய்கள் இன்ஜினுக்கு மேலே வரிசையாகத் தெரியும்படி அமைந்திருப்பது வெறும் அலங்காரத்துக்காக மட்டுமல்ல. தான் செய்த பொருளை மறைக்க வேண்டியதில்லை என்ற ஒரு தொழிலாளியின் பெருமிதம் அதில் இருக்கிறது. 3,000 சுற்றுக்குக் கீழே அமைதியாக இருக்கும் இன்ஜின், 4,500-ஐத் தாண்டியதும் குரலைத் திறக்கும். வேல்ஸ் மலைச்சாலையில் இரண்டாவது கியரில் அதைக் கேட்டவர்கள் என்னிடம் டொயோட்டா கேள்வியை மறுபடி கேட்டதில்லை. 240 குதிரைத்திறனையும் முன்சக்கரங்களே தாங்க வேண்டியிருப்பது ஜிடியின் குறை. ஈரச்சாலையில் அவசரப்பட்டு மிதித்தால் ஸ்டியரிங் கையை இழுக்கும். முன் டயர்களும் சீக்கிரம் தேயும்.

இனி, விளம்பரங்களில் யாரும் எழுதாத விஷயம். ஜிடியின் பெட்ரோல் இன்ஜின்கள் எல்லாமே ரப்பர் டைமிங் பெல்ட்டில் ஓடுபவை. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பது இந்த பெல்ட்தான். அது அறுந்தாலோ ஒரு பல் நழுவினாலோ வால்வும் பிஸ்டனும் மோதும். இன்ஜின் அங்கேயே முடிந்தது. அவற்றில் ஒன்றான ட்வின் ஸ்பார்க் இன்ஜினுக்கு முதலில் 72,000 மைலுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றார்கள். பிறகு அதைப் பாதியாக்கி 36,000 மைல் என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய புத்தகத்தை நம்பி ஓட்டியவர்கள் எத்தனை பேர் இன்ஜினை இழந்திருப்பார்கள்! வி6-இல் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட்டை மட்டும் மாற்றி, பழைய பம்பையும் டென்ஷனரையும் விட்டுவைப்பது பாதி வேலை. மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். நான் வண்டி வாங்கிய முதல் வாரத்தில் செய்த வேலை இதுதான். விற்றவர் சொன்ன தேதியை நான் சந்தேகிக்கவில்லை. பில் இல்லாத தேதியைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவே.

பலர் கவனிக்காத ஒன்று, ரப்பர் ஓடி மட்டும் கெடுவதில்லை; நின்றும் கெடும். "ஒரே ஓனர், 40,000 மைல்தான் ஓடியது" என்று வரும் கார் மேலுக்கு மினுமினுக்கும். அதன் பெல்ட் பத்து வருடப் பழசாக இருக்கலாம். 1,20,000 மைல் ஓடி, ஒவ்வொரு பில்லும் பைலில் கோத்து வைக்கப்பட்ட காரையே நான் தேர்ந்தெடுப்பேன். மற்ற பலவீனங்களும் ஆல்ஃபாக்காரர்களுக்குத் தெரிந்தவைதான்: முன் சஸ்பென்ஷனின் மேல் விஷ்போன் புஷ் தேய்ந்து கீச்சிடுவது, ஜேடிஎஸ் பெட்ரோல் இன்ஜின் ஆயில் குடிப்பதும் அதன் வால்வில் கரி படிவதும், செலெஸ்பீட் கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் கோளாறு. துரு இவற்றைவிட மோசம். பிளாஸ்டிக் மூடிகளுக்கு உள்ளே, அடித்தட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரிக்கும். குளிர்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் தூவும் உப்பு அதற்குத் தீனி. வண்டியை லிஃப்டில் ஏற்றி மூடிகளைக் கழற்றிப் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்கக்கூடாது.

ஆனால் இத்தாலிய இயந்திரமே நம்பத்தகாதது என்று சொல்வதை ஏற்க முடியாது. காமன் ரெயில் டீசல் தொழில்நுட்பத்தோடு விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார் 1997-இன் ஆல்ஃபா 156. அதே வழியில் ஃபியட் உருவாக்கிய 1.3 மல்டிஜெட் டீசல்தான் நம் ஊரில் மாருதி ஸ்விஃப்டிலும் டிசையரிலும் ஓடியது. லட்சக்கணக்கான இந்தியக் குடும்பங்களும் டாக்ஸிக்காரர்களும் வருடக்கணக்கில் நம்பி ஓட்டிய இன்ஜின் அது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு ஃபியட் 1100-இன் வாரிசான பிரீமியர் பத்மினி. தெருமூலையில் இருந்த மெக்கானிக்குக்கு அதன் ஒவ்வொரு திருகும் தெரிந்திருந்ததால் அது ஓடியது. பர்மிங்ஹாமில் ஆல்ஃபா தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் கிடையாது. என் மெக்கானிக்கின் இடம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அறுபதைக் கடந்தவர், ஓய்வு பெறப்போவதாக அடிக்கடி சொல்கிறார். ஜிடி வைத்திருப்பவர்களின் உண்மையான கவலை இது. இன்ஜின், சஸ்பென்ஷன் பாகங்கள் பலவும் ஆல்ஃபா 156-க்கும் 147-க்கும் பொது என்பதால் இன்னும் கிடைக்கின்றன. ஜிடிக்கு மட்டுமே உரிய கண்ணாடி, விளக்கு, ஓரப்பட்டை போன்றவைதான் அரிதாகிவிட்டன.

பிரிட்டனில் இருப்பவர்கள் தேதிகளையும் பார்க்க வேண்டும். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார்களுக்குச் சாலை வரியில் ஓர் உச்சவரம்பு உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு பதிவான அதே வி6-க்கு வருடத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். கார் ஒன்றே, இன்ஜின் ஒன்றே. அடுத்தது காற்றுத்தூய்மை மண்டலங்கள். பர்மிங்ஹாம் நடுநகரில் 2021 ஜூன் முதல் தகுதியில்லாத காருக்கு ஒரு நாளைக்கு 8 பவுண்டு, லண்டனில் 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து ஹாரோ உட்பட லண்டன் பெருநகரம் முழுவதும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 தரம் வேண்டும். ஜிடியின் 1.9 டீசல் அருமையான, சிக்கனமான இன்ஜின். ஆனால் அந்தத் தரத்தை எட்டாது. லண்டனில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் அதை வாங்கினால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் வாசல் வரி கட்ட வேண்டிவரும். குழந்தைகளின் நுரையீரலுக்காகப் போட்ட விதி அது. அதை எதிர்த்து எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இன்சூரன்ஸையும் யோசியுங்கள். சந்தை மதிப்பு 3,000 பவுண்டு உள்ள காரின் கதவில் யாரோ இடித்தால் சரிசெய்யும் செலவு மதிப்பைத் தொட்டுவிடும். உடனே முழு நஷ்டம் என்று எழுதி காரை எடுத்துக்கொள்வார்கள். கதவு மட்டும் நசுங்கிய நல்ல கார் அப்படியே அழிகிறது. மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசிகள் இருக்கின்றன. புகைப்படமும் பில்களும் கேட்பார்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் அதைத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் கூட்டினாலும் கணக்கு இடிப்பதில்லை. பிசிபி தவணையில் புது ஜெர்மன் கார் எடுத்த நண்பர்கள் மாதாமாதம் நூற்றுக்கணக்கில் கட்டுகிறார்கள். மூன்று நான்கு வருடம் கட்டி முடித்தபின்னும் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்தால்தான் கார் அவர்களுடையது. கொடுக்காவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தவணையில் ஏறுகிறார்கள். புதுக் கார் கடையை விட்டு வெளியே வந்ததுமே மதிப்பிழக்கத் தொடங்கும். என் ஜிடி இழக்க வேண்டியதை எனக்கு முன்னிருந்தவர்களிடமே இழந்துவிட்டது. நான் கொடுப்பது பராமரிப்புச் செலவு. அது காருக்குள் போய் அங்கேயே இருக்கிறது. காரின் விலையில் பாதியைத் தனியே வங்கியில் ஒதுக்கி வைத்துவிட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்டாய விதி. அந்தப் பாதி இல்லாதவர், கார் கையில் வந்தாலும் அதற்கு நியாயம் செய்ய முடியாது.

பெல்ட் விஷயத்தில் அரசு செய்யக்கூடிய ஒன்று உண்டு. வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்தால் அதன் எம்.ஓ.டி. சோதனை வரலாறு முழுவதையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருடம் எதில் தோற்றது, எத்தனை மைல், எங்கே துரு என்று எல்லாம் இருக்கும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பது மட்டும் இருக்காது. வேலை செய்த ஒர்க் ஷாப் அந்தத் தேதியையும் மைலையும் அதே பதிவில் சேர்க்க வழி செய்தால் போதும். வாங்குபவர் ஏமாற மாட்டார். ஒழுங்காகப் பராமரித்தவருக்கு நல்ல விலை கிடைக்கும். ஓடக்கூடிய கார்கள் ரப்பர் பட்டை ஒன்றுக்காகச் சாகமாட்டா.

லெஸ்டரில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு சிவப்பு ஜிடி 2.0 ஜேடிஎஸ்ஸைப் பார்த்து வைத்திருக்கிறான். எம்.ஓ.டி. வரலாறு சுத்தம், கியர்பாக்ஸ் சாதாரண மேனுவல், யூரோ 4 பெட்ரோல் என்பதால் லண்டனிலும் கட்டணம் இல்லை. பெல்ட் பில் மட்டும் இல்லை. அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல், கழிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை என் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு இருவரும் போகிறோம். முதலில் அடித்தட்டு மூடிகளைக் கழற்றச் சொல்வோம்.