புட்டியைத் திறக்குமுன் தேதியைக் கேளுங்கள்

வேதியியல் ஆய்வகத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு மாணவரும் சில பாதுகாப்பு விதிகளைக் கேட்டே இருப்பார். கண்ணுக்குக் கவசம் அணிய வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. இவை தேவையான பாடங்கள்தாம். ஆனால், யாரும் தொடாமல் அலமாரியில் நிற்கும்போதே ஆபத்தாக மாறும் பொருள்களும் உண்டு. அவற்றைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து.

டை எத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டையாக்சேன், டை ஐசோபுரோப்பைல் ஈதர் ஆகியவை ஆய்வகங்களில் புழங்கும் கரைப்பான்கள். புட்டியைத் திறந்ததும் உள்ளே புகும் காற்றிலுள்ள ஆக்சிஜன் இவற்றோடு மெல்ல வினைபுரிந்து பெராக்சைடை உண்டாக்குகிறது. வெளிச்சம் பட்டால் இது விரைவுபடும். பெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பு பலவீனமானது. செறிவு கூடிவிட்டால் சூடு, உராய்வு, அதிர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றே வெடிப்புக்குப் போதும்.

டை எத்தில் ஈதரின் கொதிநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். நம் நாட்டு நண்பகல் வெப்பம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. மூடி சரியாக இறுகாத புட்டியில் ஈதர் ஆவியாகிக் குறையும். எளிதில் ஆவியாகாத பெராக்சைடு உள்ளேயே தங்கிச் செறிவடையும். காய்ச்சி வடிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. குடுவை வற்றும் கடைசிக் கட்டமே மிக ஆபத்தானது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பெராக்சைடு உருவாகாது என்று நினைப்பதும் தவறு. பி.எச்.டி. என்ற தடுப்பானைத் தயாரிப்பாளர் சேர்த்திருந்தாலும் அது நாளடைவில் தீர்ந்துவிடும். காய்ச்சி வடித்த கரைப்பானில் அது இருக்கவே இருக்காது.

இவ்வளவு ஆபத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையோ மிக எளிது. எஸ்.பி.எம். வேதியியலில் படித்த ரெடோக்ஸ் வினைதான் அது. பொட்டாசியம் அயோடைடையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்து, அதில் சிறிதளவு கரைப்பானை விட்டால், பெராக்சைடு அயோடைடை அயோடினாக மாற்றும். இளமஞ்சள் நிறம் குறைந்த அளவைக் காட்டும். பழுப்பு நிறம் அதிக அளவைக் காட்டும். இப்போது சோதனைத் தாள்களும் கிடைக்கின்றன. நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் ஓரிரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். பல நிறுவனங்கள் பின்பற்றும் அளவுகோலின்படி, லிட்டருக்கு 25 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் பொதுவான வேலைக்குப் பயன்படுத்தலாம்; அதற்கு மேல் போனால் காய்ச்சி வடிக்கக்கூடாது; 100-ஐத் தாண்டினால் தொடாமல் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

சோதனைத் தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. காலாவதியான தாள் நிறம் மாறாமலே இருந்துவிடலாம். நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு தாளை நனைத்துப் பார்த்தால் அது வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். சில வகைப் பெராக்சைடுகள் தாளில் சிக்குவதும் இல்லை. ஆகவே சோதனையில் தேறிய கரைப்பானையும் முழுதாக வற்றும்வரை காய்ச்சக்கூடாது. புட்டிக்குள்ளோ மூடியைச் சுற்றியோ படிகங்கள் தெரிந்தால், சோதிப்பதற்காகக்கூட மூடியைத் திருகக்கூடாது. அந்த உராய்வே போதும். புட்டியை அசைக்காமல் விட்டு, மற்றவர்களை விலக்கி, நிபுணர்களை அழைப்பதே முறை.

சோதனை இவ்வளவு எளிதாக இருந்தும் ஏன் தவறிப்போகிறது? அந்தப் புட்டி யாருக்கும் சொந்தமில்லை என்பதே காரணம். வாங்கிய மாணவர் பட்டம் பெற்றுப் போயிருப்பார். விரிவுரையாளருக்கு அது அலமாரியில் இருப்பதே நினைவிருக்காது. அப்புறப்படுத்தச் செலவாகும் என்பதால் ஆய்வக உதவியாளரும் தள்ளிப்போடுவார். ஆண்டுக்கணக்கில் நின்ற புட்டியைக் கடைசியில் எடுப்பவர், ஒன்றும் தெரியாத புதிய மாணவர்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், ஊழியர் அல்லாதவர்களுக்கும் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் கடமையை முதலாளிகள்மேல் சுமத்துகிறது. மாணவர்களின் பாதுகாப்பு கல்விக்கூடங்கள் தரும் சலுகை அன்று. அது அவர்களின் பொறுப்பு. ஒவ்வொரு புட்டியிலும் வந்த தேதி, திறந்த தேதி, சோதித்த தேதி, சோதித்தவர் பெயர் ஆகிய நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தேவைக்கு ஏற்பச் சிறிய புட்டியாக வாங்க வேண்டும். மலிவு என்று பெரிய புட்டி வாங்கி மிச்சத்தைச் சேர்த்து வைப்பது சிக்கனம் ஆகாது.

மாணவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்தப் பணிவை ஆய்வகத்தில் மௌனமாக மாற்றிவிட வேண்டாம். "இது எப்போது திறந்தது, எப்போது சோதித்தது?" என்று மரியாதையாகவே கேட்கலாம். பதில் கிடைக்கும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். அதனால் சோதனை அரை மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை.