ஒத்தச் சக்கரம் மட்டும் சுத்துதா?

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து வயல் பாதைகள் சகதிதான். ரியர் வீல் டிரைவ் பொலேரோவில் போய் மாட்டினால் ஒரு பின்சக்கரம் வெறுமனே சுற்றும், மற்றது அசையாது. பிடிப்பில்லாத பக்கமே சுழற்சியை விட்டுவிடுவது சாதாரண டிஃபரென்ஷியலின் குணம்.

2021-ல் வந்த பொலேரோ நியோவின் என்10 (ஓ) வேரியன்ட்டில், சக்கரம் வழுக்கினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் டிஃபரென்ஷியல் கம்பெனியிலேயே உண்டு.

பழைய வண்டிக்கு வாங்கி மாட்டுவதென்றால்? பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் தேயும், தனி ஆயில் கேட்கும். தினசரி ஓட்டத்துக்கு என் ஓட்டு கியர் வகைக்கே. சத்தமில்லை, பராமரிப்பும் குறைவு. ஆனால், ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரமாகத் தொங்கினால் அது உதவாது. மொட்டை டயரோடு ஓடும் வண்டிக்கு முதல் செலவு டயர்தான். வாரன்டி பாக்கி இருந்தால், சர்வீஸ் சென்டரில் கேட்காமல் அச்சைக் கழற்ற விடாதீர்கள்.