வழக்கு மன்றத்திற்கு மறைமொழி எதற்கு?

சட்டத்தை அறியேன் என்பது குற்றத்திற்குச் சமாதானம் ஆகாது. இது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் விதி. அவ்விதியையே இலத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள்! அறிந்திருக்க வேண்டும் என்று குடிமக்களுக்குக் கட்டளையிடுவோர், அக்கட்டளையை அவர்கள் அறியாத மொழியில் இடுவது எவ்வகை நீதி?

இது வெறும் மொழிப்பூசல் அன்று. வீடும் நிலமும் மானமும் சார்ந்த செய்தி. ‘எக்ஸ் பார்ட்டி’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பார்ட்டி என்றால் கட்சிக்காரர், எக்ஸ் என்றால் முன்னாள். ஆகவே வழக்கிலிருந்து நம்மை நீக்கிவிட்டார்கள் என்று ஒருவர் எண்ணினால் அவரைக் குறை கூற இயலுமா? உண்மைப் பொருளோ ‘ஒரு தரப்பிலிருந்து’ என்பதாகும். அழைப்பாணை சார்பு செய்யப்பட்டும் பிரதிவாதி வாராவிடில், வாதியை மட்டும் கேட்டு மன்றம் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பை நீக்கக் கோருவதற்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் கெடு 30 நாட்களே. அது கடந்தால், தாமதத்தைப் பொறுக்குமாறு தனியே மன்றாட வேண்டும். பாகப்பிரிவினை வழக்கு தஞ்சையில், பிரதிவாதி நாக்பூரில். சொல்லின் பொருள் விளங்குவதற்குள் கெடு முடிந்துவிடாதா?

‘இன் கேமரா’ விசாரணையும் அத்தகையதே. கேட்டவுடன் படம் பிடிக்கும் கருவியே நினைவில் எழும். பொருளோ, பிறர் காணாதபடி தனியறையில் நடத்துவது என்பது!

தமிழால் இயலுமா என ஐயுறுவோர் ‘ஹேபியஸ் கார்பஸ்’ பெற்ற வாழ்வைக் காண்க. ஆளை மன்றத்தின்முன் கொண்டு வருக என்பது அதன் கருத்து. ‘ஆட்கொணர்வு மனு’ என்று தமிழில் அமைந்தபின், நாளேடு படிக்கும் எவர்க்கும் அது விளங்குகிறது. மகனைக் காவலர் கொண்டுபோய்விட்டனர் எனக் கலங்கும் தாய், தான் கேட்க வேண்டியது யாதென அச்சொல்லிலிருந்தே அறிகிறாள். ‘எந்த அதிகாரத்தால் இப்பதவியில் அமர்ந்தாய்?’ என்று வினவும் ‘குவோ வாரண்டோ’வோ இன்னும் வழக்கறிஞர் வாயிலேயே தங்கியிருக்கிறது. அரசியலமைப்பின் 32, 226ஆம் பிரிவுகள் இவ்விரண்டையும் ஒருங்கே அளித்திருந்தும், ஒன்று மக்கள் கைக்கு வந்தது, மற்றொன்று வரவில்லை.

அலுவலகங்களிலும் இக்கேடு உண்டு. ‘டைஸ் நான்’ என்று கோப்பில் எழுதிவிட்டால், அந்நாளுக்கு ஊதியம் இல்லை. அது பணிக்காலத்தில் சேராது. ஆயினும் பணிமுறிவும் ஆகாது. மூன்று விளைவுகளை ஒரு புரியாச் சொல்லுக்குள் அடக்கி ஊழியர் தலையில் வைக்கிறோம். ‘கணக்கில் சேரா நாள்’ என்றால் கோப்பு கெட்டுவிடுமா?

இலத்தீன் தொடர்கள் சுருக்கமானவை, பொருள் உறுதிப்பட்டவை என்பர் சிலர். பொருளை உறுதிப்படுத்தியவை தீர்ப்புகளே, ஒலி அன்று. நமக்கு இத்தொடர்களைத் தந்த இங்கிலாந்தே 1733 முதல் மன்ற நடவடிக்கைகளுக்கு ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது; 1999இல் வந்த உரிமையியல் விதிகளில் ‘எக்ஸ் பார்ட்டி’, ‘இன் கேமரா’ ஆகியவற்றையும் கைவிட்டு எளிய சொற்களை ஏற்றது. எறிந்தவர் எறிந்துவிட்டார், ஏந்தியவர் இன்னும் சுமக்கிறோம்.

அயற்சொல் எல்லாவற்றையும் துரத்துக என்பது என் கட்சி அன்று. வக்கீல், ஜாமீன், ஜப்தி யாவும் வெளியிலிருந்து வந்தவையே. ஆயினும் உழவரும் அறிவர். தமிழ் என்ற பெயரில் எவர்க்கும் விளங்காச் சொல்லைப் படைப்பதும் தவறே. ‘ஒருதலைப்பட்சத் தீர்ப்பு’ என எழுதுகிறார்கள். அது நடுவர் நடுநிலை பிறழ்ந்தார் என்னும் பழியைச் சுமத்துகிறது. ‘ஒருதரப்புத் தீர்ப்பு’ என்பதே தகும். விளங்குகிறதா, பிழையின்றி விளங்குகிறதா என்பவை இரண்டே உரைகற்கள்.

‘மறுதரப்பையும் கேள்’ என்னும் இலத்தீன் நெறியைச் சட்டக் கல்லூரிகள் இயற்கை நீதி என்று போதிக்கின்றன. கோவலனைக் கேளாமலே கொல்வித்த பாண்டியன் மீறியது அந்நெறியையே அன்றோ? சிலம்பின் கதை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இப்பொருள் புதிதன்று, சொல்தான் அந்நியம்.

முன்சீப்பாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை 19ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்புகளைத் தமிழாக்கி அச்சிட்டார். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் எனத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் ஏன் அடைபட வேண்டும்? அக்கேள்வியை ஓயாது கேட்போம். அதுவரை வாளாவிருத்தலும் ஆகாது. ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் ஐம்பது சட்டத் தொடர்களுக்கேனும் பொருளெழுதி, உறுப்பினர் இல்லந்தோறும் சேர்க்கலாம். நாம் ஒவ்வொருவரும் வழக்கறிஞரிடம் ‘இதன் பொருள் என்ன?’ என்று கூசாமல் கேட்கலாம். விளங்காத தாளில் கையொப்பமிடும் பழக்கம் நம் தலைமுறையோடு ஒழியட்டும்.