நட்ட கன்றுகளின் கணக்கும் மீண்ட காடுகளின் கணக்கும்

ஆண்டுதோறும் ஜூன் 5 ஆம் திகதி உலக சுற்றாடல் தினமும் ஜூலை 26 ஆம் திகதி உலக கண்டல் தாவர தினமும் வரும்போது நாட்டின் பல பாகங்களிலும் மரநடுகை வைபவங்கள் இடம்பெறுவது வழமையாகும். அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் பாடசாலை மாணவர்களும் கன்றுகளை நடுகின்றனர். எத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன என்பது மறுநாள் செய்தியாகிறது. அவற்றுள் எத்தனை அடுத்த ஆண்டிலும் உயிரோடு நிற்கின்றன என்ற கேள்வி மாத்திரம் எழுப்பப்படுவதில்லை. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது எம்மவர் மத்தியில் வழங்கிவரும் முதுமொழி. ஆனால் எமது நாட்டின் மரநடுகைத் திட்டங்கள் பலவற்றில் மரம் வைத்தவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

2030 ஆம் ஆண்டளவில் நாட்டின் வனப்பரப்பை 32 சதவீதமாக உயர்த்துவதாக இலங்கை சர்வதேச சமூகத்திடம் உறுதியளித்திருக்கிறது. 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் காடுகளை மீளுருவாக்கும் முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்னோடி மீளமைப்புத் திட்டங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. 2030 இற்குள் 10,000 ஹெக்டேயர் என்பது இத்திட்டத்தின் இலக்காகக் கூறப்பட்டுள்ளது. இந்த அங்கீகாரம் பெருமைப்படத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இலக்கங்களை முன்வைத்துச் செயற்படும்போது, காடு மீள்வதைக் காட்டிலும் கன்றுகள் நடப்படுவதே முக்கியமாகிவிடும் அபாயம் இருக்கிறது. இதற்கு எமது கரையோரங்களே சாட்சியாக இருக்கின்றன.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி சுனாமி அனர்த்தம் எமது கரையோரங்களைச் சூறையாடிச் சென்ற பின்னர், கடலுக்கும் ஊருக்கும் இடையே அரணாக நிற்கக்கூடிய கண்டல் காடுகளின் பெறுமதி பரவலாக உணரப்பட்டது. உள்நாட்டு, வெளிநாட்டு உதவியுடன் பல இடங்களில் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. அந்த முயற்சிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை ருஹுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் எவரையும் சிந்திக்க வைப்பவையாகும். அவர்கள் 23 இடங்களில் மேற்கொள்ளப்பட்ட 67 நடுகை முயற்சிகளைப் பரிசோதித்தனர். 9 இடங்களில் ஒரு கன்றுதானும் எஞ்சியிருக்கவில்லை. 67 முயற்சிகளுள் 36 முற்றாகத் தோல்வியடைந்திருந்தன. கன்றுகள் நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் பரப்பில் 200 முதல் 220 ஹெக்டேயர் அளவிலேயே மீளமைப்பு வெற்றியளித்திருந்தது. கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில் மாத்திரமே நட்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பிழைத்திருந்தன.

இந்தத் தோல்விக்கான காரணங்கள் மறைபொருளானவை அல்ல. கண்டல் தாவரங்கள் ஒவ்வொன்றுக்கும் அலைநீர் ஏறி வடியும் அளவைப் பொறுத்து உரிய இடம் உண்டு. சில இனங்கள் நாளும் நீரில் அமிழ்ந்தெழும் சேற்றுநிலத்தை நாடும். வேறு சில, பெரிய அலைநீர் மாத்திரம் எட்டும் மேட்டுப்பகுதியிலேயே நிலைக்கும். இதை அறியாமல் வெறுமையாகக் காணப்பட்ட சேற்றுத்தரையிலெல்லாம் கன்றுகள் ஊன்றப்பட்டன. நீர் தேங்கிய இடங்களில் அவை மூழ்கி மடிந்தன. நீர் எட்டாத இடங்களில் காய்ந்து கருகின. தப்பியவற்றை மாடுகள் மிதித்தும் மேய்ந்தும் அழித்தன. பாசி படிந்தும் பூச்சிகள் தாக்கியும் எஞ்சியவை அழிந்தன. நடுகைக்குப் பின்னரான பராமரிப்பு எங்கு இருந்ததோ அங்கு கன்றுகள் பிழைத்தன என்பதும் அந்த ஆய்வின் முக்கிய முடிவாகும். நடுகைக்குப் பணம் இருந்தது. காவலுக்கும் கண்காணிப்புக்கும் அது ஒதுக்கப்படவில்லை. திட்டத்தின் ஆயுள் முடிந்ததும் கன்றுகளின் ஆயுளும் முடிந்தது.

இத்தோல்விகளுக்கு நடுவே நம்பிக்கை தரும் முயற்சிகளும் எமது நாட்டிலேயே இருக்கின்றன. அவற்றை முன்னெடுத்தவர்கள் வைபவங்களின் மேடைகளில் அதிகம் காணப்படாதவர்கள். தம்புள்ளையில் கைவிடப்பட்ட சேனை நிலமொன்றை 1963 ஆம் ஆண்டில் வாங்கிய சாம் பொப்ஹம் என்ற ஆங்கிலேயர் அங்கு மரங்களை வளர்க்க விரும்பினார். நாற்றுமேடையிலிருந்து கொண்டுவந்து நட்டவை உலர்வலயத்தின் கோடையைத் தாங்காமல் பட்டுப்போயின. அதன் பின்னர் அவர் நடுவதை விடுத்து, முட்புதர்களை அளவோடு அகற்றி, தாமாகவே முளைத்திருந்த முதிரை, பாலை, கருங்காலி போன்ற உள்ளூர் மரங்களின் இளங்கன்றுகளுக்கு இடமளித்தார். நிலத்தினுள்ளே வேர்களும் விதைகளும் காத்திருந்தன. அவற்றை நெருக்கிய தடைகளை நீக்குவதே மனிதனின் வேலையாக இருந்தது. அவ்வாறு எழுந்த காடு இன்று அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பொறுப்பிலுள்ள தாவரவனமாகத் திகழ்கிறது.

ஈரவலயத்தில் சிங்கராஜ வனத்தின் விளிம்பில் நடைபெற்றதும் இதை ஒத்ததே. 1970 களில் பலகை உற்பத்திக்காக அந்த மழைக்காட்டில் மரம் தறிக்கப்பட்டது. பலத்த எதிர்ப்பின் பின்னர் 1977 இல் அது நிறுத்தப்பட்டது. 1988 இல் சிங்கராஜ உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் வனத்தைச் சூழ்ந்த தரிசு நிலங்களில் அந்நிய பைன் மரங்களே நடப்பட்டிருந்தன. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் தமது சகாக்களுடன் இணைந்து 1990 களின் தொடக்கம் முதல் அந்த பைன் தோட்டங்களின் நிழலையே பயன்படுத்தி, இடையிடையே மரங்களை அகற்றிக் கிடைத்த ஒளியில் மழைக்காட்டு இனங்களை வளர்த்துக் காட்டினர். எந்த இனத்துக்கு எவ்வளவு ஒளி தேவை என்பதை அவர்கள் அளந்தறிந்தனர். பல தசாப்தங்கள் நீண்ட இந்த உழைப்புக்கு ஒரு நாள் வைபவத்தை ஈடாகக் கூற முடியுமா?

கண்டல் காடுகளைப் பொறுத்தவரையிலும் இப்பாடம் பயனளித்திருக்கிறது. சிலாபத்திற்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான் சரணாலயம் 2001 முதல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக உள்ளது. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் 1980 களிலும் 1990 களிலும் பெருகிய இறால் பண்ணைகள் அதன் எல்லைக்குள்ளும் நுழைந்தன. 1996 இல் பரவிய வெண்புள்ளி நோய் இத்தொழிலைப் பெரிதும் பாதித்தது. காலப்போக்கில் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. கண்டல் மரங்களை அழித்து வெட்டப்பட்ட குளங்களும் அணைகளும் மாத்திரம் எஞ்சின. அண்மைய ஆண்டுகளில் வனஜீவராசிகள் திணைக்களமும் வயம்ப பல்கலைக்கழகப் பேராசிரியை செவ்வந்தி ஜயகொடி உள்ளிட்ட ஆய்வாளர்களும் அங்கு மேற்கொண்ட பணியில் முதலிடம் பெற்றது கன்று நடுதல் அல்ல. அணைகளை உடைத்து அலைநீர் வழமைபோல் ஏறி இறங்க வழிசெய்வதே முதல் வேலையாயிற்று. நீரின் போக்குச் சீரானால், மிதந்துவரும் விதைகள் தமக்குரிய இடத்தைத் தாமே கண்டுகொள்கின்றன.

பம்பலவில் நடுகை வெற்றியளித்ததற்கு அங்குள்ள மக்களின் பங்கும் காரணம் என்பது கவனிக்கத்தக்கது. அப்பகுதியைத் தளமாகக் கொண்ட சிறு மீனவர் அமைப்பான சுதீச, கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் வழங்கி, அதற்குப் பதிலாக அவர்கள் தமது ஊர்க் கண்டல் காட்டைக் காக்கும் ஏற்பாட்டை 2015 முதல் நாடளாவிய ரீதியில் விரிவுபடுத்தியது. 15,000 பெண்களை உள்ளடக்குவது அதன் நோக்கமாக இருந்தது. விறகுக்காகக் கண்டல் மரத்தை வெட்டும் குடும்பத்துக்கு வேறு வழியொன்றைக் காட்டாமல் வெட்டாதே என்று கூறுவதில் பயனில்லை என்பதை இத்திட்டம் புரிந்துகொண்டிருந்தது. மீனும் இறாலும் நண்டும் கண்டல் வேர்களின் இடையிலேயே குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன என்பதைக் களப்பில் வலைவீசும் கடற்றொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வடக்கு, கிழக்கைப் பொறுத்தவரை இவ்விடயம் மேலும் சிக்கலானது என்பதை நாம் கூறாமலிருக்க முடியாது. யுத்த காலத்தில் மட்டக்களப்புக் களப்பின் ஓரங்களில் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கண்டல் மரங்கள் வெட்டப்பட்டன. மறுபுறத்தில், வன்னியில் இடம்பெயர்ந்த மக்கள் விட்டுச்சென்ற வயல்களிலும் மேட்டுநிலங்களிலும் எவரும் நடாமலே காடு எழுந்தது. திரும்பிவந்த மக்கள், தாம் உழுத காணிகளில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்களைக் கண்டதாக முறையிட்டு வருகின்றனர். இதனால் காடு பேணுதல் என்ற சொல்லே காணி பறித்தல் என்ற பொருளில் ஒலிக்கும் நிலை பல கிராமங்களில் ஏற்பட்டிருக்கிறது. மக்களின் நம்பிக்கையை இழந்த காட்டை எந்தக் காவலரும் நெடுங்காலம் காக்க முடியாது. காணிப் பிணக்குகளை ஆவணங்களின் அடிப்படையிலும் கிராமத்தவரின் சாட்சியத்தின் அடிப்படையிலும் தீர்த்துவைப்பது வனப் பாதுகாப்புக்கு எதிரானதன்று. அது வனப் பாதுகாப்பின் முதற்படியாகும்.

அதேவேளை, மக்களின் பெயரால் காடுகளையும் ஈரநிலங்களையும் பெருமுதலீட்டுக்குத் திறந்துவிடுவதையும் ஏற்றுக்கொள்ள முடியாது. மன்னார் மாவட்டத்தின் விடத்தல்தீவு இதற்கு உதாரணமாகும். கண்டல் காடுகளும் கடற்புற்படுக்கைகளும் சேற்றுத்தரைகளும் நிறைந்த இப்பகுதி 2016 இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2024 மே மாதத்தில், அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளியிடப்பட்டது. சுற்றாடல் அமைப்புகள் இதற்கு எதிராக உயர் நீதிமன்றத்தை நாடின. ஐக்கிய நாடுகள் சபையின் அங்கீகாரம் கிடைத்து மூன்று மாதங்கள் ஆவதற்குள் இந்த அறிவித்தல் வெளிவந்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஓரிடத்தில் அழிந்த கண்டலை மீட்கப் பணம் திரட்டிக்கொண்டு, மற்றோரிடத்தில் அழியாத கண்டலின் பாதுகாப்பை நீக்குவது என்ன நியாயம்? புத்தளத்தின் கைவிடப்பட்ட இறால் குளங்கள் கற்பித்த பாடத்தை மன்னாரில் மீண்டும் ஒருமுறை கற்க வேண்டியதில்லை.

நின்றிருக்கும் காட்டைக் காப்பது அழிந்த காட்டை மீட்பதைவிடச் செலவு குறைந்தது, பலன் உறுதியானது. மீட்கப்படும் காடு பழைய காட்டின் செறிவை அடைய எமது பேரப்பிள்ளைகளின் காலமும் போதாமற்போகலாம். ஆகவே மீளமைப்பு என்பது பாதுகாப்புக்கு ஒரு துணையே தவிர, அதற்குப் பதிலீடாக அமைய முடியாது. கன்று நட்டு ஈடுசெய்வோம் என்ற வாக்குறுதியின் பேரில் காடழிப்புக்கு அனுமதி வழங்கும் போக்கு இதனாலேயே ஆபத்தானது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. பேரனர்த்தமொன்றின் பின்னர் மரநடுகைத் திட்டங்கள் பெருகுவது இயல்பு. மலையகச் சரிவுகளில் காட்டை மீளமைப்பது பற்றிச் சிந்திப்போர், சுனாமியின் பின்னர் கரையோரங்களில் இழைக்கப்பட்ட தவறுகளை முதலில் படிக்க வேண்டும். எந்தச் சரிவில் எந்த மரம் நிலைக்கும், எங்கு நடாமலே காடு எழும் என்பதைத் துறைசார்ந்தவர்களும் அந்த மண்ணில் வாழும் தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். இல்லையேல் இன்னொரு 1,000 ஹெக்டேயர் திட்டமும், அதன் தோல்வியைக் கூறும் இன்னோர் ஆய்வுமே எமக்கு எஞ்சும்.

சம்பந்தப்பட்டவர்கள் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. மீளமைப்புத் திட்டமொன்றின் வெற்றியை நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் அளப்பதைக் கைவிட்டு, ஐந்து ஆண்டுகளின் பின் பிழைத்திருப்பவற்றைக் கொண்டு அளக்க வேண்டும். அந்த விபரங்கள் மாவட்ட ரீதியாக, மூன்று மொழிகளிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்பட வேண்டும். ஒதுக்கப்படும் நிதியில் கணிசமான பங்கு பராமரிப்புக்கென முன்கூட்டியே பிரித்துவைக்கப்பட வேண்டும். அப்பராமரிப்பு வேலை வெளியூர் ஒப்பந்தகாரரிடம் அன்றி, அந்தந்த ஊரின் கடற்றொழிலாளர், விவசாயிகள், பெண்கள் அமைப்புகளிடம் ஊதியத்துடன் ஒப்படைக்கப்பட வேண்டும். இவை பெரும் செலவை வேண்டி நிற்பவை அல்ல. பொறுமையையும் நேர்மையான கணக்கையுமே வேண்டி நிற்பவை.

தம்புள்ளையிலும் சிங்கராஜவிலும் ஆனைவிழுந்தானிலும் பணிபுரிந்தவர்கள் காட்டைத் தாம் உருவாக்கியதாக உரிமை கோரவில்லை. காடு மீள்வதற்கு இடையூறாக இருந்தவற்றை அகற்றினார்கள், பின்னர் பல ஆண்டுகள் அருகிலிருந்து கவனித்தார்கள். நாட்டின் வனக் கொள்கையும் அந்த வழியில் செல்லுமாயின் 2030 ஆம் ஆண்டின் இலக்கு தாளில் மாத்திரமன்றித் தரையிலும் எட்டப்படும். அதுவரையில், ஒவ்வொரு மரநடுகை வைபவத்தின் போதும் கடந்த ஆண்டு நட்ட கன்றுகள் எங்கே என்று கேட்பது பொதுமக்களின் உரிமை மாத்திரமன்றி, கடமையுமாகும்.