எடை குறைத்த சக்கரம்

இலக்கியம் பேசும் இடத்தில் காரின் கிளட்சைப் பற்றி எழுதுவதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். எனக்கு இது கிளட்சைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. பழையதொன்றைக் கையில் பெற்றவன் அதை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைப் பற்றியதும்கூட.

அப்பா விட்டுச் சென்றவற்றுள் ஒரு காண்டஸா கார் உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் அச்சில் வார்த்து, 1980களின் நடுவிலிருந்து 2002 வரை விற்ற வண்டி. எங்களுடையது 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் பொருத்திய ‘கிளாசிக்’. நீண்ட முகமும் அகன்ற தோள்களும் கொண்டிருப்பதால் இளைஞர்கள் இதை ‘இந்தியாவின் மஸில் கார்’ என்கிறார்கள். அந்தப் பெயரில்தான் பிழை தொடங்குகிறது. அமெரிக்க மஸில் கார்களின் முன்னோடியாகச் சொல்லப்படும் 1964ஆம் ஆண்டுப் போண்டியாக் ஜிடிஓவுக்கு 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர், 325 குதிரைத் திறன். நம்முடையதற்கு நான்கு சிலிண்டர். திறன் நூறைத் தொடாது. ஒற்றுமை உடலில் மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. கோவையில் பொறியியல் படிக்கும் அக்கா மகன், “மாமா, ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து எடையைக் குறைப்போம். பிரஷர் பிளேட்டும் கடினமானதாகப் போட்டால் வண்டி சீறும்” என்றான். தென்காசியில் அப்பா காலத்திலிருந்தே வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி மறுத்தார். “சார், வண்டி கொணத்துக்குத் தக்கன சாமான் போடணும். நம்ம ஆசைக்குப் போடக்கூடாது.” நான் ஆசையின் பக்கம் சாய்ந்தேன். வெளியூர் லேத் பட்டறை ஒன்றில் சக்கரம் இரண்டு கிலோவுக்குமேல் இளைத்தது.

ஃபிளைவீலைப் புரிந்துகொள்ளக் காருகுறிச்சியில் குயவர் பானை வனைவதைப் பார்த்தால் போதும். கோலால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்துவிடுகிறார். அதன்பின் மண் எழும்புவது சக்கரம் சேர்த்து வைத்திருக்கும் வேகத்தால். புறநானூற்றின் 32ஆம் பாடலில் சோழன் நலங்கிள்ளியின் ஆற்றலைச் சொல்லக் கோவூர் கிழார் எடுத்துக்கொண்ட உவமையும் குயவர் வீட்டுச் சிறுவரின் சக்கரம்தான். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நிகழ்கிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எஞ்சினைத் தளராமல் சுமப்பது ஃபிளைவீல். நின்ற வண்டியை நகர்த்தும்போது முதல் உந்துதலைத் தருவதும் அதுவே. இதில் விளிம்பின் எடைக்கு மதிப்பு அதிகம்: மையத்திலிருந்து இருமடங்கு தொலைவில் இருக்கும் ஒரு கிலோ, நான்கு கிலோவின் வேலையைச் செய்யும். பட்டறையில் நாங்கள் சீவியெறிந்தது அந்த விளிம்பைத்தான்.

தென்காசிச் சாலையில் மாலை நேரங்களில் வண்டி உண்மையாகவே சீறியது, மறுக்கவில்லை. சாரல் காலம் வந்தது. ஒரு ஜூலை மாதம், புனலூரில் ஒரு திருமணத்திற்காக அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு புளியரை தாண்டி மலையேறினேன். எஸ் வளைவில் முன்னே சென்ற லாரி நின்றது. பின்னால் கேரள அரசுப் பேருந்து. கிளட்சை விட்டேன், எஞ்சின் அணைந்தது. மறுபடியும் அணைந்தது. மூன்றாம் முறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, பாதிக் கிளட்சிலேயே இழுத்தேன். கருகிய வாடை எழுந்தது. ஈரச் சாலையில் வண்டி ஒரு முழம் பின்வாங்கியது. கடினமான பெடலை மிதித்து மிதித்து இடது கால் நடுங்கியது. பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் பின்சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்தார். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

இலகுவான ஃபிளைவீல் தவறான பொருளன்று. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அதற்கு வேலை இருக்கிறது; எஞ்சின் விரைந்து ஏறவும் இறங்கவும் உதவும். ஆனால் அது எஞ்சினுக்குப் புதிதாகத் திறன் எதையும் சேர்ப்பதில்லை. வார்ப்பிரும்புச் சக்கரத்தை அளவு மீறிச் சீவினால் அதிவேகத்தில் உடைந்து சிதறும் அபாயமும் உண்டு. ஓட்டுபவரின் கால்களுக்கு அருகில்தான் அது சுழல்கிறது. பிரஷர் பிளேட்டின் விசை எஞ்சினின் இழுவிசைக்குச் சற்று மேலாக இருந்தால் போதும். அதற்கு மேற்பட்ட கடினம் முழங்காலையும் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்கையும் தேய்க்கும்.

ஆகவே, பழைய கார் வைத்திருப்போருக்கு என் கருத்து இது. கம்பெனி கொடுத்த எடையுள்ள ஃபிளைவீலையே வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பும் நீலம் பாய்ந்த சூட்டுத் தடமும் இருக்கின்றனவா என்று பார்த்து, தேவையான அளவு மட்டும் முகத்தைச் சமன் செய்யுங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோய் விட்டத்தையும் பல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குங்கள். எண்ணெய்க் கசிவை நிறுத்தாமல் புதிய பிளேட்டைப் பொருத்தாதீர்கள். பழைய பிளேட்டின் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அதில் கல்நார் கலந்திருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு.

வகுப்பில் பாடபேதம் பற்றிப் பேசும்போது மாணவர்களிடம் ஒன்று சொல்வேன்: சுவடியில் கரையான் அரித்த இடத்தை நிரப்ப முயலலாம், நன்றாயிருக்கும் அடியை நம் ரசனைக்குத் திருத்தக்கூடாது. எழுத்தில் கடைப்பிடித்த ஒழுக்கத்தை இரும்பில் மறந்துபோனேன். சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. உடைத்துப்போட்ட வேறொரு காண்டஸாவின் ஃபிளைவீலை அண்ணாச்சி பல மாதம் தேடிப் பிடித்து, பாலன்ஸ் பார்த்துப் பொருத்தினார். வண்டி இப்போது சீறுவதில்லை. சீசன் நெரிசலில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஊர்ந்து போகும்போதும் அணைவதில்லை. அம்மா மறுபடியும் பின்னிருக்கையில் ஏறி அமர்கிறாள். எந்த வண்டி, எந்தச் சாலை, யார் ஏறப்போகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு பட்டறைக்குப் போவது நல்லது.