‘தண்ணீர் மட்டும் போதும்’ என்னும் மண்

அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தின் நெருக்கமான தெருக்களில் தோட்டம் என்றால் அது பெரும்பாலும் மொட்டைமாடிதான். அந்த மாடிகளை நோக்கி அண்மைக்காலமாக ஒரு வாக்குறுதி வந்துகொண்டிருக்கிறது: மண்ணை ஒருமுறை முறையாகத் தயாரித்துவிட்டால் பிறகு உரமே வேண்டா, தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்பது அது. இந்த முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர்கள் வட அமெரிக்காவின் கஞ்சா வளர்ப்போர். இந்தியாவில் உரிமமின்றிக் கஞ்சா வளர்ப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே செய்முறை மட்டும் இங்கு வந்து தக்காளிக்கும் கத்தரிக்கும் பொருத்தப்படுகிறது.

செய்முறை எளிது. சதுப்புநிலப் பாசிமக்கு அல்லது தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, காற்றோட்டத்திற்கு நுரைக்கல் போன்றது ஒரு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு. இவற்றோடு வேப்பம் புண்ணாக்கு, புங்கம் புண்ணாக்கு, எலும்புத்தூள், கடற்பாசித்தூள், பாறைத்தூள் ஆகியன கைப்பிடிக் கணக்கில் சேரும். கலவையை ஈரப்பதத்தோடு ஒரு மாதம் ஆறப்போட வேண்டும். புண்ணாக்கு சிதையும்போது வெளிப்படும் வெப்பமும் அம்மோனியாவும் இளவேரைக் கருக்கிவிடும் என்பதே இக்காத்திருப்பிற்குக் காரணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கலிபோர்னியாவில் நவீனம் எனப் போற்றப்படும் இக்கலவையின் வேம்பும் புங்கமும் தென்னை நாரும் தமிழ்நாட்டு உழவர் பாட்டன் காலத்திலிருந்தே அறிந்த பொருள்கள். இங்கிருந்து கப்பலேறிய பொருள்கள் இப்போது புதிய பெயரோடு ஆலோசனையாகத் திரும்பி வருகின்றன.

இம்முறை பொய்யன்று. ஒரு பருவத்திற்கு அது கணக்கில் நிற்கும். ஒரு கிலோ தக்காளி விளைய ஏறத்தாழ 3 கிராம் தழைச்சத்து தேவை. 40 லிட்டர் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரமானால், அதன் உலர் எடை 4 முதல் 5 கிலோ வரை இருக்கும். தழைச்சத்து ஒன்றரை விழுக்காடு எனக் கொண்டால் 60 கிராமுக்குக் குறையாது. அதில் ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பருவத்திலேயே செடிக்குக் கிடைத்தாலும், நான்கு கிலோ தக்காளிக்குப் போதும். அடுத்த பருவத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. பறித்த காயோடு சாம்பல்சத்து, தழைச்சத்தைக் காட்டிலும் மிகுதியாக, தொட்டியைவிட்டு வெளியேறியிருக்கும். அதைத் திருப்பித் தராமல் தண்ணீர் மட்டும் ஊற்றுவது இருப்பைக் கரைத்துண்பதே. எனவே ‘உரம் வேண்டா’ என்பதை ‘உரத்தை முன்கூட்டியே இட்டாயிற்று’ என்றே படிக்கவேண்டும்.

எனினும் ஜோகுபாளையத்தில் கூடுதலாக ஐயுறவேண்டிய சொல் ‘மட்டும்’ என்பதே. பெங்களூரின் குழாய்நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரெகாடனஹள்ளி வழியாக, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வரும் காவிரி. 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு நிலவியபோது, குடிநீரைத் தோட்டத்திற்கும் வாகனம் கழுவுவதற்கும் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடைவிதித்து, மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என அறிவித்தது. அந்த மாதத்தில் இந்நகரத்து மாடித்தோட்டத்தின் ஆகப் பெரிய இடுபொருள் எதுவென்று ஐயமே எழுந்திருக்காது. கோடையில் முதிர்ந்த தக்காளிச் செடி ஒன்று நாளுக்கு 2 லிட்டர் குடிக்கும். இருபது தொட்டிகளுக்கு 40 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு அரசு நெறிமுறை வகுத்துள்ள நாளொன்றுக்கான அளவு 135 லிட்டர். ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டபின் நெருக்கடி தணிந்திருக்கலாம்; கணக்கு மாறவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீருக்கு மாறினால் இன்னொரு தொல்லை உண்டு. வடிந்து வெளியேறாதபடி அளந்து ஊற்றுவதே இம்முறையின் இலக்கணம் என்பதால், கடினநீரின் உப்பு தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரை ஊற்றுவோருக்கு இது இன்னும் விரைவில் நேரும்.

இவ்விடத்தில் பெங்களூரே உலகுக்குத் தந்த ஒரு முறையை நினைவுகூர வேண்டியிருக்கிறது. ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் வகுத்த மக்குமுறையில் குவியலை அவ்வப்போது புரட்டி நீர் தெளிக்கவேண்டும். 1939இல் இந்திய அறிவியல் கழகத்தின் சி.என். ஆச்சார்யா உருவாக்கிய ‘பெங்களூர் முறை’யில் நகரக் குப்பையைக் குழியில் அடுக்கி, ஒருமுறை நனைத்து, மேலே மண்ணால் மூடிவிட்டால் போதும், புரட்டலும் இல்லை, மறுநீரும் இல்லை. ஆறு முதல் எட்டு மாதம் வரை பிடிக்கும், காற்றில்லாச் சிதைவினால் மீத்தேன் வெளிப்படும் என்னும் குறைகள் உண்டு. ஆயினும் நீர் அரிதான நாட்டில் மண் தயாரிப்பு எந்தக் கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும் என்பதை அம்முறை அறிந்திருந்தது. இறக்குமதியான செய்முறையில் அக்கேள்வியே இல்லை.

அக்கேள்வியிலிருந்து தொடங்கினால் பங்கீடு மாறும். செடிக்குத் தேவையானவற்றைச் சேர்ப்பதற்கு முன், நீரைப் பிடித்துவைப்பதை உறுதிசெய்ய வேண்டும். பெங்களூரின் செம்மண் உயிர்மச் சத்தும் ஊட்டம் தாங்கும் திறனும் குறைந்தது. அதில் மக்கின் பங்கை உயர்த்துவதும், உப்பு நீங்க அலசிய நார்க்கழிவைச் சேர்ப்பதும், மேலே நான்கு விரல் தடிமனுக்குச் சருகு மூடாக்கு இடுவதும் கடற்பாசித்தூளைக் காட்டிலும் பயன் தரும். தொட்டி பெரிதானால் ஈரம் நிலைக்கும் என்பது உண்மை. ஆனால் நனைந்த செம்மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். மக்கள் ஏறிப் புழங்கும் கூரைக்கு இந்தியத் தரநிலை கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பழைய வீடுகள் மிகுந்த பகுதியில் இதை மறந்துவிட்டு நூறு லிட்டர்த் தொட்டியைப் பரிந்துரைப்பது பொறுப்பின்மை.

மண்கலவை விற்போர் பையின்மேல் ‘இயற்கை’ என்று எட்டு இடங்களில் அச்சிடுகிறார்கள். ஒரு லிட்டர் கலவை எவ்வளவு நீரைத் தாங்கும் என்ற ஒற்றை எண்ணை அச்சிடுவோர் அரிது. வேளாண் பல்கலைக்கழக ஆய்வகங்களில் எளிதாக அளக்கக்கூடிய எண் அது. முதுகலை மாணவர் ஒருவரின் ஒரு பருவ வேலை. அது கிடைக்கும் வரை, ஏப்ரல் வெயிலில் எந்தக் கலவை எத்தனை நாள் தாங்கும் என்பதை ஜோகுபாளையத்தார் தொட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.